வெப் டிசைன் பட்டப்படிப்பு: மூன்று வருடப் பாடத்தில் எது கைகொடுக்கிறது, எது கழிவு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெப் டிசைன், டிஜிட்டல் மீடியா படிப்பில் சேர நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே சேர்ந்து இரண்டாம் வருடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது. பாடத்திட்டத் தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். லேபில் செய்து பார்க்கும்போதும், பிறகு ஒரு கடைக்காரருக்கு சைட் போட்டுக் கொடுக்கும்போதும் அதில் எது நிற்கிறது என்பதுதான் விஷயம்.

பக்கத்தைக் கட்டும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். தாள் கடைசிவரை உழைக்கும். அதை அரியர் இல்லாமல் தாண்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மல்டிமீடியா தாளில் பாதியைக் கழித்துவிடலாம். ப்ரவுசரில் அனிமேஷன் ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டுவிட்டது. கைமாறி வரும் பழைய நோட்ஸ்களில் அந்த அத்தியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பரீட்சைக்கு எழுதுங்கள். அதில் வரும் கீஃப்ரேம் (அசைவின் தொடக்கம், முடிவு போன்ற முக்கியக் கட்டங்களைக் குறிப்பது) என்ற கருத்தை மட்டும் எடுத்து வையுங்கள், சி.எஸ்.எஸ். அனிமேஷனுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் அதுவே அடிப்படை.

பெரிய ஓட்டை தமிழ். இந்த ஊர்களில் வேலை கொடுப்பவர் யார்? பலகாரக் கடை, கோயில் கமிட்டி, கண்டாங்கிச் சேலைக் கடை, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர். பாதிப் பேருக்காவது தமிழில் பக்கம் வேண்டும். ஆனால் தமிழ் எழுத்து ப்ரவுசரில் எப்படி நடந்துகொள்ளும் என்று பொதுவாக எந்தத் தாளும் சொல்லித்தருவதில்லை.

முதல் தகராறு அச்சகத்திலிருந்து வரும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்த பழைய பேஜ்மேக்கர் ஃபைலையே கையில் கொடுப்பார்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது அது. ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்த எழுத்துரு என்பதால், ப்ரவுசரில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கிலம்தான் தெரியும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும் கருவி வழியாக விடுங்கள். அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். மாற்றும் கருவி சறுக்கிய இடத்தில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தெரியும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: 'கொ'வை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடல் பெட்டியில் 'கொழுக்கட்டை' என்று அடித்தால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாமல் போகும். சேமிக்கும் முன் என்.எஃப்.சி. நார்மலைசேஷன் (இரண்டு வகையையும் ஒரே குறியாக்குவது) செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது எண்ணிக்கை. 'காரைக்குடி' கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 10 என்று வரும். யூனிகோடை பைட்டாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் பைட் கணக்கு 30; சர்வரில் ஓடும் மொழியான பி.எச்.பி.யின் சாதாரண ஸ்ட்ரிங் நீள ஃபங்ஷன் இந்த 30-ஐத்தான் தரும். ஃபாரத்தில் பெயருக்கு 20 என்று எல்லை வைத்துவிட்டு, இனிஷியலோடு முழுப்பெயர் ஏன் ஏறவில்லை என்று விழிப்பது இதனால்தான். தரவுத்தளமான மை.எஸ்.க்யூ.எல்.-இல் டேபிளை யூ.டி.எஃப்8எம்பி4-இல் உருவாக்குங்கள், பி.எச்.பி. கனெக்ஷனிலும் அதையே சொல்லுங்கள். கனெக்ஷனில் மட்டும் வைத்து டேபிளில் பழைய லத்தீன் செட் இருந்தால் தமிழ் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். கேள்விக்குறியாகவே உள்ளே போனதை மீட்க வழியே இல்லை, திரும்ப அடிப்பதுதான்.

வடிவமைப்பில்: ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 லைன்-ஹைட்டில் (வரி உயரத்தில்) மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். 1.6 முதல் 1.8 வரை கொடுங்கள். நீளமான சொற்கள் பட்டனை விட்டு வெளியே தொங்கும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ-ரேப் போடுங்கள், பட்டனுக்கு அகலத்தை நிர்ணயிக்காதீர்கள். இட்டாலிக் தமிழுக்கு ஆகாது. பழைய போட்டோஷாப் பதிப்பில் 'கொ' உடைந்து தனித்தனியாக வந்தால் எழுத்துருமேல் பழி போடாமல் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாற்றுங்கள். பாராகிராஃப் பேனலில் கம்போஸரையும் மாற்ற வேண்டும்.

ப்ராஜெக்டுக்கு இந்த மண்ணைவிட நல்ல சரக்கு கிடைக்காது. எல்லா ஊர்க் கல்லூரியிலும் போடும் அதே ஆன்லைன் புத்தகக் கடையை இங்கேயும் ஏன் போட வேண்டும்? தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்வது. ஆகவே ஒவ்வொரு கல்லும் இம்மியளவு வேறு. ஒரு கல்லைப் படம்பிடித்து பேக்ரவுண்டில் ரிபீட் கொடுத்தால் ஒரே கறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். கோட்டுப்படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள். நான்கு கல் சேர்ந்து ஒரு பூவாகும் டிசைன் என்றால் கால்வாசி வரைந்து 90 டிகிரியாகத் திருப்பினால் போதும். அப்படி வரைந்து சேமித்த எஸ்.வி.ஜி. ஃபைலை ரிபீட் செய்யும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மயிரிழைக் கோடு தெரிந்தால் பேக்ரவுண்டு அளவு பின்னத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 64, 128 என்று முழு பிக்ஸலில் வைக்கவும்.

செட்டிநாட்டு வீட்டின் வளவை (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) படமெடுப்பது தனிப்பாடு. நடுவில் முற்றம் பளீரென்று, சுற்றிலும் தேக்குத் தூண் இருட்டில். உச்சிவெயிலில் எடுத்தால் ஒன்று வெளுக்கும் அல்லது மற்றது கறுக்கும். காலை அல்லது சாயங்காலம், வெளிச்சம் சமமாகும் நேரத்தில் ட்ரைபாடில் வைத்து வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்ப்பதே வழி. மொபைலின் வைட் லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தூண்கள் சாயும். 4000 பிக்ஸல் படத்தை அப்படியே ஏற்றாமல் 1600 அகலத்துக்குக் குறைத்து வெப்பி ஃபார்மட்டில் 75–80 தரத்தில் சேமியுங்கள். பூவேலைத் தரை உள்ள படம் வெள்ளைச் சுவர்ப் படம் அளவுக்குச் சுருங்காது. நுணுக்கம் கூடினால் கே.பி.யும் கூடும். பட டேகில் அகலமும் உயரமும் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்ததும் எழுத்து கீழே குதிக்கும். கீழே உள்ள படங்களுக்கு லேஸி லோடிங் (அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) சரி. மேலே முதலில் தெரியும் பெரிய படத்துக்குப் போட்டால் அதுவே தாமதம். முதலில் தெரியும் பெரிய பகுதி திரையில் வர ஆகும் நேரம்தான் எல்.சி.பி.; கூகுள் நல்லது என்று ஏற்பது 2.5 நொடி வரைதான்.

ஹோஸ்டிங்கில் வழக்கமாக விழும் குழி ஃபைல் பெயர். விண்டோஸ் லேப் மெஷினில் கேப்பிடல், ஸ்மால் வித்தியாசம் பொருட்டில்லை. சைட்டை இலவசமாக ஏற்ற உதவும் கிட்ஹப் பேஜஸில் உண்டு. லேபில் தெரிந்த படம் வைவா அன்று தெரியாது. எல்லாவற்றையும் ஸ்மால் எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். பி.எச்.பி. அங்கே ஓடாது என்பதையும் தலைப்பு எடுக்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ தாள் பரவாயில்லை. மொபைலில் எடுத்த க்ளிப்பின் ஃப்ரேம் ரேட் நிலையாக இராது, போகப்போக வாயசைவும் பேச்சும் விலகும். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை கான்ஸ்டன்ட் ஆக்கிவிட்டு எடிட் செய்யுங்கள். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது.

சேருமுன் லேபை ஒருதரம் நேரில் பாருங்கள். ராம் 8 ஜி.பி.யா 16-ஆ, மாணவர்கள் இன்டர்நெட்டில் ஏற்றிய ப்ராஜெக்ட் லிங்க் ஏதாவது இன்று திறக்கிறதா என்று கேளுங்கள். ரெக்கார்டு நோட்டை மட்டும் எடுத்துக் காட்டினால் வேறு கல்லூரியையும் விசாரியுங்கள்.