விந்தணு சேமிப்பு மையம்: நாலு வருட வாடிக்கையாளர் எழுதுவது

இப்படி ஒரு சேவைக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் தேவைப்பட்டபோது தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பாதிக்குப் பாதி புகார்தான் என்பதால்.

எனக்கு அப்போது 28 வயது. வலது விரையில் கட்டி, வலியே கிடையாது, குளிக்கும்போது சின்னக் கூழாங்கல் மாதிரி கெட்டியாகக் கையில் பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், விரைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் மூன்றும் பார்த்தார்கள் (கர்ப்பப் பரிசோதனையில் பார்ப்பதும் இதே ஹெச்சிஜிதான், எனக்கு அது ஏறியிருந்தது, அந்த வாரம் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்), மறு வாரமே அந்த விரையை எடுக்கும் அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். சீக்கிரம் பிடித்தால் 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிற புற்றுநோய் இது, பயப்படாதே என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பின்னால் குழந்தை பிறக்குமா என்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. அறுவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், ஊசியைக் குத்திக்கொண்டே, "விந்து சேமித்து வைத்தாச்சா?" என்றார், பேனா இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் இந்த விமர்சனமே கிடையாது.

அன்று மத்தியானமே அப்பாவோடு மையத்துக்குப் போனேன். வரவேற்பறையில் நாலு ஜோடி உட்கார்ந்திருக்க, மேசையில் இருந்தவர் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, "சாம்பிள் குடுக்க வந்தவர் நீங்கதானே?" என்றார். அப்பா கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மதிப்பெண் அங்கேயே போச்சு.

அறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சுத்தமாக இருந்தது, தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பில் விவரம் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, தலைக்கு மேல் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிறது, நாளை மறுநாள் அறுவை. வெட்கத்தை விடுங்கள், உடம்பு ஒத்துழைக்கவே 40 நிமிடம் ஆனது. யாரும் கதவைத் தட்டவில்லை, அதற்கு நன்றி. ஆனால் சோப்பு, எச்சில், கடையில் விற்கிற வழுவழுப்பு ஜெல் எதுவும் படக்கூடாது, விந்தணுவை அது கெடுக்கும் என்று வெளியே வந்த பிறகுதான் சொன்னார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்தால் போதுமே.

ஆய்வகம் வேறு ரகம், அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூடியில் என் பெயர், பிறந்த தேதி, நேரம் மூன்றையும் என்னையே எழுதச் சொன்னார்கள், பிறகு இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை. ஒரு மணி நேரம் கழித்து ஆய்வகப் பெண்மணி என்னைத் தனியே உட்காரவைத்து எண்ணிக்கையைச் சொன்னார்: ஒரு மில்லிக்கு 60 லட்சம். பெரிய எண்ணாகத்தான் இருந்தது, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே 1.6 கோடி. இன்னும் கத்தியே படவில்லை, கீமோவும் ஏறவில்லை, அதற்குள் எப்படி என்று கேட்டேன். இந்த நோய் வந்தவர்களில் நிறைய பேருக்குச் சிகிச்சைக்கு முன்பே எண்ணிக்கை குறைந்துதான் இருக்குமாம். ஊசி வழியாக ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்துகிற இக்ஸி முறையில் 1992-லிருந்து குழந்தைகள் பிறக்கிறார்கள், அதனால் லட்சம் கோடி என்று கணக்குப் பார்க்க வேண்டாம் என்றார். நான் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கே தகும்.

மாதிரியில் ஒரு துளியை உறைய வைத்து, மறுபடி உருக்கிப் பார்த்து அறிக்கையும் தந்தார்கள். உறைவதற்கு முன் 34 சதவீதம் நீந்தியது, உருக்கிய பிறகு 15. இப்படிப் பாதி போவது சகஜமாம். பனிக்கட்டி செல்லைக் கிழிக்காமல் இருக்கக் கிளிசரால் கலந்த திரவம் சேர்த்து, மெல்லிய குழாய்களில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். தொட்டியைத் திறந்து காட்டினார், வெள்ளைப் புகை தரையில் வழிந்து என் செருப்புவரை வந்தது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன், தொட்டிக்குக் கரண்டே தேவையில்லை, நைட்ரஜன் மெல்ல ஆவியாகும், அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த அவ்வளவுதானில்தான் விஷயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு மையங்களில் தொட்டிகள் பழுதாகி ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் வீணாகின. நீங்கள் எங்கே போனாலும், அளவு குறைந்தால் ராத்திரியிலும் அலாரம் யாருக்குப் போகும், என் குழாய்களை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைப்பீர்களா என்று கேளுங்கள். இங்கே இரண்டாவது கேள்விக்கு முதலில் முழித்தார்கள், அப்புறம் பிரித்து வைத்தார்கள்.

அறுவைக்கு முன் ஒரு முறைதான் கொடுக்க முடிந்தது. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒரு விரை எடுத்த பிறகு மற்றது வேலை செய்துகொண்டுதான் இருக்கும், பலருக்கு அது ஒன்றே போதும், நிஜமாக அடிப்பது கீமோதான். வேகமாகப் பெருகும் செல்களைக் குறி வைக்கிற மருந்து, விந்தணு உருவாகும் இடத்தையும் விடாது. எனக்கு மூன்று சுற்று கீமோ தேவைப்பட்டது, பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின். இந்த சிஸ்பிளாட்டினைத் திட்டவும் மனசு வரவில்லை, 1974-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற புற்றுநோய் டாக்டர் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும்வரை, பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கீமோவுக்கு முன் கிடைத்த மூன்று வாரத்தில், நாலைந்து நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை கொடுத்தேன். இப்படிக் கொடுக்கலாம் என்று மையத்திலிருந்து போன் செய்து சொன்னவரும் அதே ஆய்வகப் பெண்மணிதான், அலுவலகத்திலிருந்து ஒருவரும் இல்லை.

ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். மொத்தம் ஆறு பக்கம், மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: நீங்கள் இறந்துவிட்டால் மாதிரியை என்ன செய்வது? அழிக்க, ஆராய்ச்சிக்குத் தர, இணையரிடம் ஒப்படைக்க, மூன்று கட்டங்கள். அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, பேனாவோடு, எதிரே அப்பா. கேள்வி அவசியம்தான், நான் மறுக்கவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம், "மூணு இடத்துல கையெழுத்து" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, "அழிக்க" என்று டிக் அடித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இன்னொன்று: ஆண்டுக் கட்டணம் கட்டாமல் மூன்று நினைவூட்டல் தாண்டினால் மாதிரியை அப்புறப்படுத்தலாம். முதல் வருடம் அந்த நினைவூட்டல் என் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, கீமோ முடிந்து மொட்டைத் தலையோடு படுத்திருந்த எனக்கு எப்படித் தெரியும்? தற்செயலாகப் போன் செய்தபோது, இரண்டாவது நினைவூட்டலும் போய்விட்டது என்றார்கள். முகவரியை மாற்றினால் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பரிசோதித்தபோது மில்லிக்கு 2.2 கோடி. சேமித்தது தேவைப்படாமலேகூடப் போகலாம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு முதல் மூன்று குழந்தைகள் 1996-ல் சேமித்து வைத்ததிலிருந்து வந்தார்கள், பின்னால் இரண்டு குழந்தைகள் இயல்பாகவே பிறந்தார்கள் (அவருடைய ஊக்கமருந்து கதை வேறு). எனக்குத் திரும்பிய மாதிரி எல்லோருக்கும் திரும்புவதில்லை, யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஐந்துக்கு எவ்வளவு என்றால், ஆய்வகத்துக்கு ஐந்து, அலுவலகத்துக்கு இரண்டு. போன மாதம் புதுப்பிக்கப் போனபோது மூன்றாம் பக்கத்தை மாற்றிக் கேட்டேன், இந்த முறை "இணையரிடம்" என்று டிக் அடித்து மனைவியின் பெயரை எழுதினேன், அவளும் கூடவே வந்து கையெழுத்துப் போட்டாள். ரசீதில் அவள் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதியாகிவிட்டது, இன்னும் பதில் இல்லை.