மார்ஃபைச் சிமுலேஷன் என்று விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

மூலக்கூறு அனிமேஷனுக்கு வெளியாரிடம் பணம் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது எப்படி வடிவம் மாறுகிறது என்று காட்ட 30 நொடிப் படம் கேட்டிருந்தோம். பாதித் தொகை முன்பணம். விலைப்பட்டியலில் மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் (ஒவ்வோர் அணுவின் அசைவையும் இயற்பியல் விதிப்படி கணக்கிடுவது) என்று போட்டு, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, அனுப்பியது வெறும் மார்ஃப். அதுவும் தப்பான மார்ஃப்.

தொடக்க வடிவத்தையும் முடிவு வடிவத்தையும் கொடுத்தால் இடையில் உள்ள நிலைகளை மென்பொருளே நிரப்புவதுதான் மார்ஃப். மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் சைமராஎக்ஸ் மென்பொருளில் அது ஒரு வரிக் கட்டளை. பாடம் நடத்த அது தாராளமாகப் போதும். ஆனால் சிமுலேஷன் விலைக்கு அதை விற்பது மோசடி.

கண்டுபிடிப்பது எளிது. சிமுலேஷனில் ஒவ்வோர் அணுவும் வெப்பத்தால் துடித்துக்கொண்டே இருக்கும். மார்ஃபில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். "மென்மையாக்கியிருக்கிறோம்" என்பார்கள். அப்படியானால் அணுக்கள் நகர்ந்த பாதையைப் பதிந்துவைக்கும் டிராஜெக்டரி கோப்பை மென்மையாக்காமல் கேளுங்கள், எக்ஸ்டிசி (XTC) வடிவிலோ டிசிடி (DCD) வடிவிலோ. இல்லையென்றால் சிமுலேஷனும் இல்லை. இன்னொரு சோதனை: படத்தை நடுவில் நிறுத்தி, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையங்களைப் பாருங்கள். தொடக்க வடிவக் கோப்புக்கும் முடிவு வடிவக் கோப்புக்கும் இடையே வளையத்தின் இருபக்க அணுப்பெயர்கள் இடம் மாறியிருந்தால், நேர்கோட்டு மார்ஃபில் அந்த வளையம் பாதிவழியில் நசுங்கிக் கோடாகி, மறுபடி விரியும். நிஜத்தில் எந்த வளையமும் அப்படி நசுங்காது.

இதைவிடப் பெரிய தவறு கோப்பில். ஆக்சிஜன் ஏறிய வடிவத்துக்கு, புரத வடிவங்களின் பொதுத் தரவகமான பிடிபி-யிலிருந்து 1எச்எச்ஓ (1HHO) என்ற கோப்பை எடுத்திருந்தார்கள். ஹீமோகுளோபினில் புரதச் சங்கிலிகள் நான்கு; அந்தக் கோப்பில் இருப்பதோ ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஆக இரண்டே சங்கிலி. மற்ற இரண்டையும் படிகச் சமச்சீரை (படிகத்தில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கை) கொண்டு உருவாக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத வடிவத்தின் கோப்பான 4எச்எச்பி-யில் (4HHB) நான்கும் இருக்கின்றன. எண்ணிக்கை ஒத்துப்போகாததால் பாதி மூலக்கூறை மட்டும் மார்ஃப் செய்து, மறுபாதியை அசையாமல் ஒட்டவைத்துவிட்டார்கள். ஓர் ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பொறுத்து ஏறக்குறைய 15 பாகை சுழல்வதுதான் இந்த மாற்றத்தின் உயிர்நாடி. படத்தில் அதுவே இல்லை.

சரியான வழி இது. இன்னொரு மூலக்கூறுப் பட மென்பொருளான பைமாலில் 1எச்எச்ஓ-வை இறக்கும்போது டைப் பிடிபி1 (type=pdb1) என்று கொடுத்து, நான்கு சங்கிலிகளும் சேர்ந்த உயிரியல் தொகுப்பைக் கேளுங்கள். அது இரண்டு ஸ்டேட்டாக, அதாவது ஒரே பொருளுக்குள் இரண்டு பிரதிகளாக, வரும். ஸ்ப்ளிட் ஸ்டேட்ஸ் (split_states) கட்டளையால் பிரித்து, இரண்டாவது பிரதியின் ஏ, பி சங்கிலிகளை சி, டி என்று மாற்றுங்கள். இரண்டையும் ஒரே பொருளாகச் சேர்த்தபின், ஏ-பி ஜோடியை மட்டும் வைத்து 4எச்எச்பி-யோடு பொருத்துங்கள். முழு மூலக்கூறையும் வைத்துப் பொருத்தினால் சுழற்சி இரண்டு பக்கமும் பங்காகி மங்கிவிடும். தண்ணீர் மூலக்கூறுகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

ஆக்சிஜனைப் பிடிக்கும் பகுதியான ஹீமின் இரும்பு நகர்வது சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம்தான் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). முழு மூலக்கூறும் தெரியும் காட்சியில் அது கண்ணில் படாது, தனி நெருக்கக் காட்சி வேண்டும். அங்கே ஆக்சிஜன் இரும்பின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ நேராக நிற்பது கார்பன் மோனாக்சைடு.

திருத்தம் கேட்டபோது கூடுதல் பணம் கேட்டார்கள். கையில் இருந்ததோ அமுக்கிய எம்பி4 ஒன்று மட்டும்; வேறு யாரிடமும் கொடுத்துத் திருத்தவும் வழியில்லை. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: பயன்படுத்தும் பிடிபி எண்கள், மென்பொருளில் காட்சியைச் சேமித்த செஷன் கோப்பு, கட்டளைக் கோப்பு, அமுக்காத பிஎன்ஜி ஃபிரேம்கள். நொடிக்கு 25 என்றால் 30 நொடிக்கு 750 பிஎன்ஜி வரவேண்டும். மென்பொருள் உரிமத்தையும் கேளுங்கள். சைமராஎக்ஸ் கல்வி, ஆய்வுப் பணிகளுக்குத்தான் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வேண்டும். பைமாலின் மார்ஃப் கட்டளை கட்டணப் பதிப்பில் மட்டுமே உண்டு.

முன்பணத்துக்கு முன்பே 5 நொடி மாதிரி ஒன்றைக் குறைந்த தரத்தில் கேட்டு, நான்கு சங்கிலிகளும் இருக்கின்றனவா, இரண்டாவது ஜோடி சுழல்கிறதா என்று பாருங்கள்.