மாட்டுத்தாவணி பூக்கடைக்கு மெட்டாபேஸ்: தரவுத்தள இணைப்பு பற்றிய ஒரு மதிப்புரை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்கு, பில்லிங் கணக்கு இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு மெட்டாபேஸ் என்னும் திறந்த மூல அறிக்கை மென்பொருளை இணைத்துக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். இணைப்புப் பக்கம் மிக எளிது. ஆனால் அறிக்கையில் வரும் எண்ணை வியாபாரி நம்பலாமா என்பது அந்தப் பக்கத்துக்கு வெளியே நாம் செய்யும் அமைப்புகளைப் பொறுத்தே இருக்கிறது.

சர்வர் முகவரி, 5432 என்ற போர்ட், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். சேமிப்பதற்கு முன் மென்பொருளே இணைப்பைச் சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. தகவலை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எல், இடைச் சர்வர் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் சுரங்கம் இரண்டும் அதே பக்கத்தில் கிடைக்கின்றன. இணைப்பு கிடைக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே கேட்கும் என்பதால், வெளியிலிருந்து வரும் முகவரியை அதன் அமைப்புக் கோப்புகளில் அனுமதிக்க வேண்டும். மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனி உறைக்குள் வைத்து இயக்கும் டாக்கரில் மெட்டாபேஸை ஓட்டுபவர்கள், அங்கே ‘இதே கணினி’ என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பில் போடும் மென்பொருளின் பயனர் கணக்கை இங்கே ஒருபோதும் கொடுக்கக் கூடாது. படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிப் பயனரை உருவாக்குவதோடு, அட்டவணைகளை உருவாக்கும் பயனரின் பெயரில் இயல்பு உரிமைகளையும் மாற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் சேரும் புதிய அட்டவணைகளை மெட்டாபேஸால் படிக்க முடியாது.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது நேர மண்டலத்தைத்தான். பூ மார்க்கெட்டில் வியாபாரம் பொழுது விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே பொது நேரத்தில் பதிவாகும் தரவுத்தளத்தில், வெள்ளிக்கிழமை அதிகாலை 4.40-க்குப் போட்ட பில் வியாழக்கிழமை இரவு 11.10 என்று நிற்கும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும்போது, அன்றைய விற்பனையில் விடியற்காலைப் பகுதி முழுவதும் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேர்ந்து, இரண்டு நாள்களின் சராசரிக் கிலோ விலையும் பொய்யாகிவிடும். பகலில் திறக்கும் ஜவுளிக்கடைக்கு இது கண்ணில்கூடப் படாது; பூக்கடைக்கோ கணக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.

மெட்டாபேஸின் நிர்வாகப் பக்கத்தில் அறிக்கை நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்று வைத்தால் இது சரியாகும். ஆனால் தேதி நெடுவரிசை நேர மண்டலம் இல்லாத வகையாக இருந்தால் அந்த அமைப்பு அதைத் தொடாது. நெடுவரிசையின் வகையையே மாற்றலாம் என்றாலும், அது பில்லிங் மென்பொருளைப் பாதிக்கக்கூடும். அதனால், உள்ளிருப்பது பொது நேரம் என்று குறிப்பிட்டு இந்திய நேரத்துக்கு மாற்றித் தரும் ஒரு வியூவை (சேமித்த வினவலால் உருவாகும் மெய்நிகர் அட்டவணையை) எழுதி, அதன் மீது அறிக்கைகளைக் கட்டுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இயல்பு நிலையில் மெட்டாபேஸ் மணிக்கொரு முறை அட்டவணை அமைப்பையும், நாளுக்கொரு முறை நெடுவரிசை மதிப்புகளையும் படிக்கிறது. இந்தக் கனமான வேலையைப் பொதுவாக இரவில் வைப்பது வழக்கம். இங்கே அதைக் கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலுக்கு மாற்றுவது நல்லது. மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம் என்று தமிழில் பதிவான பூப்பெயர்கள் அறிக்கையில் அப்படியே வருகின்றன. நெடுவரிசைத் தலைப்புகளையும் தமிழில் மாற்றிக்கொள்ள முடிவதால், கடைக்காரர் யாரையும் கேட்காமல் தானே படித்துக்கொள்கிறார். இதற்காகவே இந்த மென்பொருளை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நாம் உருவாக்கும் அறிக்கைகளையும் இணைப்பு விவரங்களையும் மெட்டாபேஸ் இயல்பாக எச்2 என்னும் கோப்புத் தரவுத்தளத்தில் வைக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அது ஏற்றதல்ல என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. ஆனால் நிறுவும்போதே வேறொன்றைக் கேட்டு வாங்கும்படி அமைத்திருக்கலாம். தரவைக் கன்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் வால்யூம் இல்லாத டாக்கர் கன்டெய்னரை நீக்கினால் அத்தனை அறிக்கைகளும் அதோடு போய்விடும். முதல் நாளிலேயே இதற்கென ஒரு தனிப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஒதுக்கிவிடுவதும், இணைப்புக் கடவுச்சொற்களை மறையாக்கம் செய்ய குறைந்தது 16 எழுத்துள்ள ரகசியச் சாவியை அமைத்து, அதைச் சர்வருக்கு வெளியே பத்திரப்படுத்துவதும் அவசியம்.

இலவசப் பதிப்பு கடை உரிமையாளருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தாராளமாகப் போதும். பூ கொண்டுவரும் ஒவ்வொரு விவசாயியும் உள்ளே நுழைந்து தன் வரவை மட்டும் பார்க்கும்படி வரிசை அளவில் கட்டுப்படுத்தும் வசதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது; அந்தத் தேவை உள்ள கடைகள் செலவைக் கணக்கிட்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.