காதோர நரைதான் பரீட்சை: வீட்டிலேயே அடிக்கும் கிரீம் டை, ஒன்றரை வருட அனுபவம்

ஒன்றரை வருடமாக ஒரே பெட்டியைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அம்மோனியா இல்லாத, நிரந்தர வகை கிரீம் ஹேர் கலர். உள்ளே ஒரு டியூப் கிரீம், கிரீமோடு கலக்க ஒரு புட்டி டெவலப்பர் திரவம், ஒரு ஜோடி கையுறை, கடைசியில் போட ஒரு சின்ன பாக்கெட் கண்டிஷனர், அப்புறம் எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு தாள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைப் பெட்டிகள் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான், நான் திட்டுவதும் பாராட்டுவதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நரையை மூடுகிறதா? மூடுகிறது, நன்றாகவே. அட்டையில் சிரிக்கிற பெண்ணின் முடி நிறம் வருமா? வராது, அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக இரண்டு மூன்று கட்டம் போட்டு, இந்த நிற முடிக்கு அடித்தால் இப்படி வரும் என்று காட்டியிருப்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். அதுவும் முழுக்க நரைத்த முடிக்கு என்ன வரும் என்று பல பெட்டிகளில் இருக்காது, நரைக்காகவே விற்கிற பொருளில் அது இல்லாதது எனக்கு இன்னமும் எரிச்சல்.

முதல் முறை நான் எடுத்தது 1 என்று எண் போட்ட கறுப்பு. என் முடி கறுப்புதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடித்து, அலசி, காய வைத்துக் கண்ணாடியில் பார்த்தால் பூட் பாலிஷ் போட்ட மாதிரி ஒரே சீரான கறுப்பு. அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, விக்கா வச்சிருக்க?" என்றாள். கறுப்பு முடி என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் கறுப்பே இல்லை, ஒற்றை இழையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் அடர்ந்த பழுப்பு தெரியும், அதுவும் இழைக்கு இழை கொஞ்சம் மாறும். டை அந்த வித்தியாசத்தையெல்லாம் அழித்துவிடுகிறது. முகம் வேறு வெளிறிப்போய், நரையோடு இருந்தபோது தெரிந்த வயதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

சரி, மேலே பழுப்பு அடித்துவிட்டால் போயிற்று என்று மறு மாதம் 4 வாங்கி அடித்தேன். வேரில் புதிதாக முளைத்த அரை விரல் அகல முடி மட்டும் பழுப்பானது, மற்றதெல்லாம் அப்படியே கருகரு. டையால் டையை வெளுக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏற்கெனவே ஏறிய சாயத்தை எடுக்க வேறு வேலை செய்ய வேண்டும், அது முடிக்கு இன்னும் கெடுதல். நான் செய்தது, காத்திருந்து காத்திருந்து நுனியை வெட்டிக்கொண்டே வந்ததுதான். முடி மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் முதல் தடவை வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், மனதுக்குத் தோன்றுகிற நிறத்தைவிட ஒரு படி வெளிர் எடுங்கள். போதவில்லை என்றால் அடுத்த முறை கூட்டலாம், குறைக்க முடியாது. எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஏதாவது இருந்தால் அது சாயல், நரை அதிகம் என்றால் அந்த வம்பே வேண்டாம். சிவப்புச் சாயல் உள்ள ஒன்றை ஒருமுறை ஆசைப்பட்டு அடித்து, நரைத்த இடம் மட்டும் செம்புக் கம்பி மாதிரி மின்னியது.

இப்போது காதோரத்துக்கு வருகிறேன். எந்த டையாக இருந்தாலும் உச்சியில் அழகாகப் பிடித்துவிடும், காதுக்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்சம் முடிதான் அடம்பிடிக்கும். நான் ஆரம்பத்தில் வகிட்டில் தொடங்கி, பிடரிக்குப் போய், கடைசியாகக் காதோரம் வருவேன், வரும்போது கிரீமும் தீர்ந்திருக்கும் பொறுமையும் தீர்ந்திருக்கும், அங்கே பூசியதற்கு இருபது நிமிடம்கூடக் கிடைக்காது. நாலு தலைக்குளியலில் காதோரம் மட்டும் மறுபடி வெள்ளை. இப்போது காதோரத்தில்தான் தொடங்குகிறேன், அதுவும் தாராளமாக, முடி தெரியாத அளவுக்கு அப்பி. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அதே டை அங்கேயும் ஐந்து வாரம் நிற்கிறது.

நேரத்தைப் பற்றித் தாள் சொல்வதைக் கேளுங்கள். கலக்கும்போது வெள்ளையாக இருக்கிற கிரீம் கிண்ணத்திலேயே கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், தலையிலும் பத்து நிமிடத்தில் கன்னங்கரேல் என்று தெரியும், உடனே பிடித்துவிட்டது என்று அலசப் போய்விடுவோம். வெளியே கறுப்பது வெறும் காட்சி. டியூபில் இருக்கிற சின்னச் சின்ன மூலக்கூறுகள் நிறமே இல்லாமல் முடிக்குள் நுழைந்து, டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து, உள்ளேயே பெரிய நிற மூலக்கூறுகளாக மாறி, திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்த 35 நிமிடம். அட்டையில் 'புதிய ஃபார்முலா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஆனால் பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷூலர் பாரிஸில் 1907ல் செயற்கை முடிச்சாயம் தயாரித்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அடிப்படை வித்தை பெரிதாக மாறவில்லை.

அம்மோனியா இல்லை என்பதையும் அளவோடு நம்புங்கள். நெடி இல்லை, கண் எரியவில்லை, அந்த மட்டில் நிம்மதி, உண்மை. ஆனால் முடியின் மேல் செதிலைத் திறந்துவிட ஏதோ ஒரு காரப் பொருள் (ஆல்கலி) வேண்டும், அம்மோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் எத்தனாலமைன் போடுகிறார்கள். அது சட்டென்று ஆவியாகாது, அதனால்தான் மூக்குக்குத் தெரிவதில்லை. முடி வறண்டுபோவது இதிலும் உண்டு. அந்தச் சின்ன பாக்கெட் கண்டிஷனர் மட்டும் பிரமாதம், அதைத் தனியாக விற்றால் வாங்குவேன்.

வறட்சிக்கு இன்னொரு காரணம் நானேதான். ஒவ்வொரு மாதமும் வேரிலிருந்து நுனி வரை அடித்துக்கொண்டிருந்தேன். நுனியில் நரை ஏது, அங்கே ஏற்கெனவே போன மாத டை இருக்கிறது, அதன் மேல் இன்னொரு பூச்சு ஏறி ஏறி நுனி கறுத்துச் சொரசொரவென்று ஆனதுதான் மிச்சம். இப்போது வேருக்கு மட்டும். அலசுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கையில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு நுனி வரை இழுத்துவிடுகிறேன், அதுவும் நிறம் மங்கியிருந்தால் மட்டும்.

வேருக்கு மட்டும் என்றால் பாதிப் பெட்டி போதும். கலக்காத கிரீமையும் டெவலப்பரையும் மூடி இறுக்கி வைத்துவிட்டால் அடுத்த மாதத்துக்கு ஆகும், என் பெட்டியில் ஒன்றுக்கு ஒன்று அளவு என்பதால் சிரமமில்லை. கலந்ததை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். மீந்துவிட்டதே என்று நான் ஒருமுறை புட்டியில் ஊற்றி மூடி வைத்தேன், காலையில் புட்டி உப்பிப்போய் வெடிக்கிற நிலையில் நின்றது. பெராக்சைடு பிரிந்து வாயு வந்துகொண்டே இருக்குமாம். சாயமும் அதற்குள் வேலைக்கு ஆகாது. கிண்ணம் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ இருக்கட்டும், உலோகம் வேண்டாம்.

ஒவ்வாமை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். அக்கா என்னை விக் என்று சொன்னாளே, அவள் எனக்கும் முன்னாலிருந்து, ஏழெட்டு வருடம், ஒரு பவுடர் டை போட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தவள். ஒரு தடவை போட்ட மறுநாள் காதுக்குப் பின்னால் அரித்துத் தண்ணீர் வடிந்தது, அதற்கடுத்த நாள் கண் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. தோல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு பிபிடி என்றார், பாரா ஃபினைலீன் டயமைன், டையில் நிறம் தருகிற ரசாயனம். பழக்கமான டைதானே என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை, எத்தனையாவது தடவையிலும் வரலாம். 'பிபிடி இல்லை' என்று போட்டதை வாங்கிவிடலாம் என்று பார்த்தோம், அதில் இருந்தது அதன் நெருங்கிய சொந்தக்காரன், பிபிடி ஒத்துக்கொள்ளாத பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார். மருதாணி பக்கம் போகலாம், ஆனால் சுத்தமான மருதாணி நரையை ஆரஞ்சுச் செம்பட்டையாகத்தான் ஆக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் பலவற்றில் அதே பிபிடி ஒளிந்திருக்கிறது, பொடிப்பொடியான எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்னால் தாளில் சொன்னபடி காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கிறேன். சோம்பலாகத்தான் இருக்கும். அக்காவின் இமையை நினைத்துக்கொண்டு செய்துவிடுகிறேன். புருவத்துக்கும் மிச்சத்தைத் தடவலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இது போகவே கூடாது.

குறைகள் இன்னும் இரண்டு. கையுறை பஞ்சுமிட்டாய்க் காகிதம் மாதிரி, விரல் நுனியில் கிழிந்துவிடுகிறது, நான் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். கறை வேறு, நெற்றியோரத்திலும் காது மடலிலும் வாசலின் தடவாமல் தொடங்கினால் இரண்டு நாள் மையப்பிய முகத்தோடு நடமாட வேண்டும். பூசும் முன் தலைக்குக் குளிக்காதீர்கள், முந்தின நாள் எண்ணெய்ப்பசை கொஞ்சம் இருந்தால் மண்டை எரிச்சல் குறைகிறது.

நிறத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், தாளுக்கு ஒன்று, கையுறைக்குச் சைபர். சலூனில் போய் உட்காரும் நேரத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் எனக்குக் கலப்பதிலிருந்து துடைப்பது வரை ஒன்றேகால் மணி நேரம், அதில் பாதி சும்மா உட்கார்ந்திருப்பது. பின்மண்டை மட்டும் தனியாகச் செய்ய வராது, அங்கே இன்னொரு கை வேண்டும். அக்கா டை பக்கமே வருவதில்லை, இருந்தாலும் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு எனக்குப் பிடரியில் பூசிவிடுகிறாள், முழு நேரமும் முனகிக்கொண்டே. வகிடு மறுபடி வெளுக்கத் தொடங்கிவிட்டது, பாதி டியூப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.