கழித்தல் குறியோடு மூன்று ஆண்டுகள்

வீட்டுக்கடன் வாங்கப்போகும் நண்பர் ஒருவர், "வங்கியின் செயலியே தவணையைச் சொல்லிவிடுகிறதே, நீங்கள் ஏன் இன்னும் எக்செல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்டார். 2022 ஜனவரியில் கடன் வாங்கியதிலிருந்து மாதத் தவணையைச் சொல்லும் பிஎம்டி (PMT), கடன் அடைய எத்தனை மாதம் என்று சொல்லும் என்பெர் (NPER) என்ற இரண்டு எக்செல் சூத்திரங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். கேட்க உரிமை உள்ளவர்தான்.

ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுப்பதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது அந்தக் கழித்தல் குறி. 25 லட்சம், 6.9 சதவீதம், 240 மாதம் என்று கொடுத்தால் 19,233 ரூபாய் என்று சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் சிவப்பில், முன்னால் ஒரு கழித்தலோடு. கைக்கு வரும் பணம் கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல் என்பது அதன் சித்தாந்தம். கடன்காரனுக்கு இதையும் சொல்லிக்காட்ட வேண்டுமா?

2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது, அதோடு சேர்ந்து ஏறிய என் வட்டி 9.4. தவணை மாறாது, காலம் நீளும் என்றது வங்கி. எவ்வளவு நீளும்? நிலுவை 24.58 லட்சத்தை என்பெரில் போட்டேன். எண்ணே வரவில்லை, பிழை என்றது. வழக்கமான குறிக் கோளாறு என்று தவணையின் கழித்தலை எடுத்தேன். கழித்தல் 88.9 மாதம் என்றது. ஏழு வருடத்துக்கு முன்பே அடைத்துவிட்டேன் போலும்!

அரை மணி நேரம் திட்டித் தீர்த்த பிறகே கால்குலேட்டரை எடுத்தேன். அந்த மாத வட்டி மட்டும் 19,254 ரூபாய். தவணையைவிட 21 ரூபாய் கூடுதல். அசல் குறையவே போவதில்லை என்றால் எத்தனை மாதம் என்று அது எப்படிச் சொல்லும்? செயலியோ அன்றும் அடுத்த தவணைத் தேதியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

மீதி 227 மாதத்துக்கு பிஎம்டி தந்த 23,201 ரூபாயைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு கிளைக்குப் போய்த் தவணையை உயர்த்தினேன். அவர்கள் கணினியிலும் அதே எண்!

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, நண்பரின் கடனுக்கும் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கடன் தொகைக்கு முன்னால் கழித்தல் போட மறந்துவிட்டேன். தவணை கழித்தலோடு சிவப்பில் வந்து நின்றது. "எனக்குத்தான் பணம் வருமா?" என்றார். பேசாமல் செயலியையே பாருங்கள் என்று சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டேன்.