ஒரே தடவை பணம் கட்டினால் ஒரே டிக்கெட் ஆகிவிடாது: ஐரோப்பாவில் ரயில் ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ரயில் தாமதம் பழகிப்போன சங்கதி. அதை எழுத உட்கார்ந்தால் வாரம் ஒரு பதிவு போடலாம். இது வேறு. டிக்கெட் விற்கும் இடைத்தரகுத் தளம் ஒன்று என்னையும் அம்மாவையும் ராத்திரி நேரத்தில் நட்டாற்றில் விட்ட கதை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு தளம் மட்டுமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஜூன் மாதம் அம்மா கும்பகோணத்திலிருந்து பெர்லினுக்கு வந்திருந்தார். வந்த அன்றே இரண்டு கோரிக்கை வைத்தார். ஒன்று, இங்கே ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்பாளைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பாரிஸில் இருக்கும் சித்தியைப் பார்க்க வேண்டும். சித்தப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். சித்தி அங்கே போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. அக்காவும் தங்கையும் நேரில் பார்த்தே எட்டு வருஷம்.

ஹாம் போனது குறையில்லாமல் நடந்தது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. தொழிற்சாலைகளுக்கு நடுவே திடீரென்று கோபுரம் தெரிந்ததும் அம்மா பஸ்ஸிலேயே கும்பிட்டுவிட்டார். உள்ளே ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி, "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டார். கும்பகோணம் என்றதும், "கோயில் ஊரிலயிருந்து இஞ்ச வந்து கும்பிடுறியளோ" என்று சிரித்து, வழிக்கு நாலு வடையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அன்று ராத்திரி எங்களுக்குச் சாப்பாடு அதுதான் ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

இனி டிக்கெட். ஹாமிலிருந்து கொலோன், அங்கே மாறி பாரிஸ். அந்தத் தளத்தில் தேடியபோது இரண்டு ரயிலையும் ஒரே கோட்டில் இணைத்து, நடுவில் "மாறுவதற்கு 38 நிமிடம்" என்று போட்டு, ஒரே விலையைக் காட்டியது. கார்டு எண்ணை அடித்தேன், முடிந்தது. இருவருக்கும் கொலோன் வரை 47.80 யூரோ, அங்கிருந்து பாரிஸுக்கு 158, சேவைக் கட்டணம் 8.40, "நிம்மதியான பயணம்" என்ற பெயரில் ஒரு பாதுகாப்புத் திட்டம் 14.90. மொத்தம் 229.10. அம்மா கூட வருகிறாரே, எதற்கும் இருக்கட்டும் என்றுதான் அந்தத் திட்டத்தை டிக் செய்தேன். வந்த மெயிலில் இரண்டு பிடிஎஃப், இரண்டு முன்பதிவு எண். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஹாமில் ஏறியதே ஒரு கூத்து. பெர்லினிலிருந்து வரும் சில அதிவேக ரயில்கள் ஹாமில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸென் வழியாக டூசல்டோர்ஃப் பக்கம் போகும். இன்னொன்று ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும், எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று படம் இருக்கும். நாங்கள் எங்கள் எழுத்துக்குக் கீழேயே பெட்டியோடு நின்றோம். ரயில் 35 நிமிடம் தாமதம். வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒலிபெருக்கியில் "உம்கெகேர்த்தே வாகன்ரைஉங்" என்றார்கள். பெட்டி வரிசை தலைகீழ் என்று அர்த்தம். மொத்த நடைமேடையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்துக் கதவில் ஏறி உள்ளே நடந்து போய்விடலாம் என்று ஏற்றிவிட்டேன். உள்ளே இருந்த ஒரு கல்லூரிப் பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது டூசல்டோர்ஃப் போற பாதி, உள்ளே வழி கிடையாது, இறங்குங்க" என்று கத்தினாள். இரண்டு ரயிலையும் மூக்கோடு மூக்கு கோத்திருப்பார்கள். நம்மூர் வெஸ்டிபியூல் மாதிரி நடந்து கடக்க முடியாது. எப்படி இறங்கி எப்படி ஏறினோம் என்று இப்போது நினைத்தாலும் படபடக்கிறது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

வுப்பர்டாலுக்கு முன்னால் ரயில் நின்றது. தண்டவாளத்தில் ஆள் நடமாட்டமாம். கொலோனில் இறங்கியபோது 74 நிமிடம் தாமதம். பாரிஸ் ரயில் தன் நேரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. அன்றைக்கு அதற்கப்புறம் ரயில் இல்லை.

எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. சொந்த அனுபவத்தில் தெரியும்: தாமதத்தால் இணைப்பு ரயில் தவறினால் அடுத்த ரயிலில் அனுப்புவார்கள், ராத்திரி தங்க வேண்டியிருந்தால் ஓட்டலும் தருவார்கள். எங்களைக் கொலோனுக்குக் கொண்டுவந்த ரயில் நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த அம்மணி என் இரண்டு பிடிஎஃப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்க ஒப்பந்தம் எங்களோட கொலோன் வரைக்கும்தான். கொலோனுக்குக் கொண்டுவந்து விட்டாச்சு. பாரிஸ் டிக்கெட் வேற ஒப்பந்தம்." நான் ஒரே பயணம், ஒரே கட்டணம் என்று வாதாடினேன். அவர் போனை வாங்கி, பிடிஎஃப்பின் அடியை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் ஒரு வரி: இவை தனித்தனிப் பயண ஒப்பந்தங்கள்.

ஆக, ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் மறுநாள் பாரிஸ் ரயிலும் ராத்திரி அறையும் அவர்கள் பொறுப்பு. போய்ச்சேரும் இடத்தில் 120 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்பதால் மொத்த டிக்கெட் விலை 205.80இல் பாதி, 102.90 இழப்பீடு. இப்போது கணக்கு கொலோனோடு முடிகிறது: 60 நிமிடத்துக்கு மேல், 120க்குள், எனவே 47.80இல் கால் பங்கு. 11 யூரோ 95 சென்ட்.

தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் அரட்டைப் பெட்டிக்குப் போ என்றது. அரட்டைப் பெட்டியில் இயந்திரம். "உங்கள் பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டு ஐந்து நட்சத்திரத்தை நீட்டியது. அந்த 14.90 யூரோ நிம்மதித் திட்டம் இணைப்பு தவறுவதற்குப் பொருந்தாதாம். கிளம்புவதற்கு முன்னால் நாமாக ரத்து செய்தால் மட்டும்தானாம்.

ஓட்டலுக்கு 112 யூரோ. அறை எடுப்பதற்கு முன் ஸ்டேஷன் கழிப்பறையில் ஒரு யூரோ கேட்டதும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒண்ணுக்குப் போக நூறு ரூபாயா? நான் ரூமுக்கே வரேன்." ஸ்டேஷனை ஒட்டினாற்போல அந்தப் பெரிய தேவாலயம் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. அம்மா அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு அறையில் வடையைப் பிரித்தோம். சித்தி போனில், "அக்கா, நீ பத்திரமா இருக்கியா, அது போதும்" என்றார். மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தாராம்.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ராத்திரியே போனில் மறுநாள் காலை ரயிலுக்குப் புது டிக்கெட் எடுத்தேன், 238 யூரோ. பிறகுதான் தெரிந்தது: வெளிநாட்டுப் பயணத்தில் டிக்கெட் தனித்தனியாக இருந்தாலும், தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கும் சில ரயில் நிறுவனங்கள் அடுத்த ரயிலில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளும். அதற்கு முதல் ரயிலின் நடத்துநரிடமோ கவுன்டரிலோ தாமதத்துக்குச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை, அடுத்த ரயில்காரர்களைக் கேட்கவும் இல்லை. வாங்கிய டிக்கெட்டுக்கு அது செல்லுமோ செல்லாதோ, கேட்பதற்குக் காசு கிடையாது. தாமதம் என்று தெரிந்ததும் ரயிலிலேயே எழுந்துபோய் அந்தச் சான்றை வாங்குங்கள்.

பெர்லின் திரும்பியதும் சட்டத்தைத் தேடினேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதி, எண் 2021/782, 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு இப்படிப்பட்ட தளங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. விற்பவர் தானாகவே இரண்டு டிக்கெட்டைச் சேர்த்து, ஒரே பரிவர்த்தனையில் விற்று, இணைப்பு தவறினால், முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கூடவே அந்தத் தொகையில் 75 சதவீதம் இழப்பீடு. என் கணக்குக்கு 205.80, மேலே 154.35. தப்பிக்க அவர்களுக்கு ஒரே வழி: தனித்தனி ஒப்பந்தம் என்பதை எழுத்தில் தந்திருக்க வேண்டும், அதுவும் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த "முன்பே"யில்தான் பிடித்துக்கொண்டேன். அதே பயணத்தை மறுபடி தேடி, பணம் கட்டும் பக்கம் வரை போய், ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஏழு திரை. ஒன்றில்கூட அந்த வரி இல்லை. விலைக்குப் பக்கத்தில் ஒரு பொடி வட்டத்துக்குள் ஒரு குறி. அதை அழுத்தினால் வருவது பெட்டி சுமை விவரம். படங்களோடு மெயில் போட்டேன். மூன்று வாரம் கழித்து, "நல்லெண்ண அடிப்படையில்" 20 யூரோ கூப்பன் தந்தார்கள். அவர்களிடமே மறுபடி டிக்கெட் வாங்குவதற்கு! மறுத்துவிட்டேன். தளம் ஒன்றியத்துக்குள் வேறொரு நாட்டில் பதிவானது என்பதால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதினேன். நாடு தாண்டிய புகார்களை அவர்கள் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். நீங்களும் புகார் தருவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ரயில் நிறுவனங்களிடம் புகார் தர மூன்று மாதம்தான் கெடு.

இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், ஒரே முன்பதிவு எண்ணில், புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை எழுதிய ஒரே டிக்கெட் கிடைக்கிறதா என்று. கிடைக்காவிட்டால் நடுவில் இரண்டு மணி நேரமாவது விட்டுத்தான் எடுக்கிறேன். வயதானவர்களோடு போகிறவர்கள் கடைசி ரயிலை இணைப்பாக வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

போன வாரம் என் கணக்கில் 11.95 வரவாகியிருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "பன்னெண்டு தடவை ஒண்ணுக்குப் போகலாம்" என்றார். அதற்கும் அஞ்சு சென்ட் குறைகிறது.