கூகுள் மேப்பா, வாட்ஸப்பா: உள்தெருக் கடைக்கு எது முதலில்?

வடசென்னையில் துணிக்கடைகளுக்குப் பேர்போன எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு இணையம் அவ்வளவு அவசரமில்லை. துணி எடுக்க வருகிறவர்கள் அந்த ரோட்டைத் தேடித்தான் வருகிறார்கள். அதே பழைய வண்ணாரப்பேட்டையில் நாலு தெரு உள்ளே தள்ளி பிளவுஸ் தைக்கும் அக்காவுக்கும், தண்டையார்பேட்டையில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் அண்ணனுக்கும், கொருக்குப்பேட்டையில் வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுப்பவருக்கும் அந்த வசதி இல்லை. தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் ஆள் வரும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் ஒரு போன் இருந்தால் போதும், காசில்லாமல் தொடங்கக்கூடிய கருவிகள் இரண்டு. ஒன்று, கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். இன்னொன்று, கடைக்காரர்களுக்கென்றே 2018-ல் வந்த வாட்ஸப் பிசினஸ். பெரும்பாலானவர்கள் வாட்ஸப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களை ஏற்கெனவே தெரிந்தவரிடம் மட்டும்தான் வாட்ஸப் பேசும். 'பக்கத்துல டெய்லர் எங்க இருக்கு' என்று தேடுகிற புது ஆளின் கண்ணில் நீங்கள் பட வேண்டுமானால் கூகுளில் இருந்தே ஆகவேண்டும். அதனால் முதலில் கூகுள்.

கணக்கு தொடங்குவது சுலபம், சிக்கல் முகவரியில்தான். நம்ம ஏரியாவில் ஒரே வாசலுக்குப் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. முகவரியை டைப் செய்ததும் கூகுள் மேப்பில் தானாக ஒரு பின்னை, அதாவது இடத்தைக் காட்டும் குறியை, வைக்கும். அது பக்கத்துச் சந்தில் விழுந்தால், வருகிறவர் வண்டியைத் திருப்ப முடியாத முட்டுச்சந்தில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்வார். பாதிப் பேர் போன்கூடச் செய்யாமல் திரும்பிவிடுவார்கள். ஆகவே எண்ணை நம்ப வேண்டாம். மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, சாட்டிலைட் படத்தில் உங்கள் கட்டடத்தின் கூரையைக் கண்டுபிடித்து, பின்னை விரலால் இழுத்துக் கடை வாசலிலேயே வையுங்கள். அப்புறம் விவரப் பகுதியில் வழியையும் எழுதுங்கள். அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடப்பட்டாலும் தண்டையார்பேட்டையில் வழி சொல்லும்போது அந்தப் பெயர் இன்னும் வருகிறது, தயங்காமல் எழுதலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டுவிட்டது. எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் வெளி ஏரியாக்காரர்களுக்கு உதவும்.

அடுத்தது வெரிஃபிகேஷன், அதாவது கடை உங்களுடையதுதான் என்று கூகுளுக்குக் காட்டுவது. இதற்குப் பலரிடம் வீடியோ கேட்கிறார்கள். இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெருப்பெயர்ப் பலகை, பக்கத்துக் கடைகள், உங்கள் போர்டு, பிறகு நீங்களே சாவி போட்டு ஷட்டரைத் தூக்கி உள்ளே போவது. காலையில் கடை திறக்கும் நேரம் இதற்கு வசதி. போர்டில் இருக்கும் பெயரைத்தான் கணக்கிலும் போட வேண்டும். அதோடு 'சென்னை பெஸ்ட் டெய்லர்' என்று ஒட்டவைப்பது விதிமீறல், கணக்கே முடங்கலாம். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதும் கூடாது. 'கூகுளிலிருந்து பேசறோம், வெரிஃபிகேஷனுக்குப் பணம் கட்டுங்க' என்று யாராவது அழைத்தால் உடனே போனை வைத்துவிடுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது.

வீட்டிலிருந்து தொழில் செய்து, ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஏரியாவுக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டலாம். தனியாகச் சமைத்து விற்கும் பெண்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

சரி, வாட்ஸப் எங்கே ஜெயிக்கிறது? தினம் மாறும் சரக்கில். காசிமேட்டில் மீன் எடுத்து வீடு வீடாகக் கொடுப்பவரைப் பாருங்கள். இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை, சங்கரா வந்ததா என்பதெல்லாம் காலையில்தான் தெரியும். கூகுளில் போட்ட படம் நாளைக்கும் அப்படியே நிற்கும். வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும், பழைய விலையைச் சொல்லி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்லவும் அதுதான் சரியான இடம். இந்த ஒரு தொழிலுக்கு மட்டும் என் வரிசையை மாற்றிக்கொள்கிறேன்: முதலில் வாட்ஸப்.

வாட்ஸப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் விஷயத்தில் கவனம் தேவை. ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் அனுப்பிக்கொண்டே இருந்து, யாரும் பதில் போடவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். பில் போடும்போதே 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று சொல்லிப் பழகுங்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே தட்டில் அனுப்பித் தருவதாகச் சொல்லும் திருட்டு மென்பொருள் பக்கமே போகவேண்டாம். எண் தடைபட்டால் ஆர்டர் வரும் வழியே அடைபடும். ஆண்ட்ராய்டில் வாட்ஸப் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். துணிப் படங்களும் வீடியோக்களும் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும், அவ்வப்போது கழித்துவிடுங்கள்.

சொந்த வெப்சைட் மூன்றாவதுதான், ஆனால் வேண்டாத செலவு என்று ஒதுக்காதீர்கள். பிசினஸ் ப்ரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூலையோடு ப்ரொஃபைலில் இருந்த சாட் வசதியும் போனது. விசிட்டிங் கார்டில் அந்த இலவச வெப்சைட் முகவரியை அச்சடித்தவர்கள் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று. சொந்தமாக, டாட் இன் (.in) என்று முடியும் ஒரு வெப்சைட் பெயர் இருந்தால், பின்னால் இருக்கும் பக்கத்தை எத்தனை முறை மாற்றினாலும் கார்டில் உள்ள முகவரி மாறாது. முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்றும் கேளுங்கள். வெப்சைட் செய்து தருபவர் தன் ஈமெயிலில் பெயரைப் பதிவு செய்ய விடாதீர்கள். உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பர், பாஸ்வேர்டும் உங்கள் கையில்.